மதகைத் திறக்கலாம் என்று சொன்னது நான்தான்

"வெற்றிக் கதை ஏதாவது சொல்லுங்க மேடம், புதுசா சேர்ந்த பிள்ளைகளுக்கு உற்சாகமா இருக்கும்" என்று சொல்லித்தான் என்னை இங்கே கூப்பிட்டார்கள். சரி என்று வந்துவிட்டேன். ஆனால் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளுக்கு ஒரு வசதி உண்டு. என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்ல முடியாது. அதனால் வெற்றிக் கதையை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். நான் கட்டி, சோதித்து, வளர்த்த வண்டியின் கடல் சோதனைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அது ஏன் என்று சொல்கிறேன். கேன்டீனில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், "ஹமீதா மேடம் பிளவக்கல் அணையில வண்டியை உடைச்சுட்டாக" என்று. உடைந்தது உண்மை. மிச்சத்தை என்னிடம் கேளுங்கள்.

ராஜபாளையத்தில் இருந்துகொண்டு கடற்படைக்கு வண்டி செய்கிறோம் என்றால் சிரிப்பவர்களை நீங்களும் சந்திப்பீர்கள். சென்னையில் ஒரு கூட்டத்தில் ஒருவர் என்னிடம், "உங்க ஊர்ல கடல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார். "செஞ்சு முடிச்ச பொறவு எந்தப் பக்கம் வேணும்னாலும் கொண்டு போவோம் சார்" என்றேன். நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரிப் பாகம் கடைந்துகொண்டிருந்த பட்டறை இது. மில்லில் ஒரு ரோலர் சற்றே கோணினால் அன்றைய நூல் முழுக்கப் பாழ். அப்படிப்பட்ட கணக்கில் பழகிய கைகள்தான் பிறகு கடலின் அழுத்தத்தைத் தாங்கும் உருளைகளைக் கடைந்தன. நம் முதலாளி துணிந்து அந்த ஆர்டரை எடுத்தபோது அவருடைய சொந்தக்காரர்களே சிரித்தார்கள். அதையும் கேட்டுக்கொண்டுதான் செய்தோம்.

நாம் செய்துகொண்டிருந்தது ஆளில்லாமல் கடலுக்கடியில் நாள்கணக்கில் போய்த் திரும்பக்கூடிய பெரிய வண்டி. முழு வண்டியைச் செய்வதற்கு முன், அதே வடிவத்தில் பாதி அளவுக்கு ஒன்று செய்து பார்த்தோம். பாதி என்றாலும் ஒரு மினி பஸ் நீளம். கறுப்பு நிறம், அகன்ற முதுகு, மழுங்கிய மூக்கு. ஷெட்டில் எல்லோரும் அதை எருமை என்றுதான் சொல்வார்கள். சென்னையில் இருக்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் மூலமாகத்தான் நமக்கு அந்த வேலை வந்தது. அவர்கள் அதற்கு ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார்கள். அதை யாரும் முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கடலுக்குக் கொண்டுபோகும் முன் அமைதியான, ஆழமான தண்ணீரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்காக மலையடிவாரத்தில் இருக்கும் பிளவக்கல் அணையில் அனுமதி வாங்கினோம். நிபந்தனை ஒன்றே ஒன்று. பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாளுக்கு முன்னால் நாங்கள் கரையேறிவிட வேண்டும். அதற்கு ஒப்புக்கொண்ட கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். "சரிங்க சார்" என்று தலையாட்டிய தலைகளில் என் தலையும் ஒன்று. இதைக் கொஞ்சம் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைகள் நன்றாகவே போயின. கடைசி நாள் கடைசிச் சோதனை, வண்டி அணையின் தரைக்கு மிக அருகில் போய், அசையாமல் செத்த நேரம் நின்று, தானாக மேலே வர வேண்டும். போனது. நின்றது. வரவில்லை.

மேலே வா என்று ஒலிச் சமிக்ஞை அனுப்பினோம். பதில் இல்லை. ஆபத்து நேரத்தில் வயிற்றிலிருந்து கழன்று விழுவதற்காகவே ஒரு எடை பொருத்தியிருப்போம். அது விழுந்தால் வண்டி இலேசாகி மிதந்துவிடும். அதைக் கழற்றும் கட்டளையையும் அனுப்பினோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி அப்படியே இருந்தது. வண்டி கிடக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க அதில் பிங்கர் என்று ஒரு ஒலிக்கருவி உண்டு, அது மட்டும் டிக், டிக் என்று ஒலி அனுப்பிக்கொண்டிருந்தது. படகிலிருந்து தண்ணீருக்குள் மைக்கை இறக்கி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

என்னோடு படகில் இருந்தவர் சேவியர். செட்டியார்பட்டிக்காரர். தூக்குவது, இறக்குவது, கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. பல வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் நாங்கள். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "எருமை சேத்துல படுத்துருச்சு மேடம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரையில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மதகு திறக்க வேண்டிய நாள்.

சென்னை நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் ஸ்ரீவில்லிபுத்தூரில் லாட்ஜில் தங்கியிருந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். கெட்ட பையன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தகவல் கேட்டதும் காரில் பறந்து வந்தார். ஆழத்தில் மூழ்கி வேலை செய்யும் ஆட்களை வரவழைக்க ஒரு வாரமாவது ஆகும் என்றார். அதுவரை அணையைத் திறக்கக்கூடாது.

"மதகைத் திறந்தா என்ன ஆகும் மேடம்?"

"ரெண்டு ஆகலாம். ஓட்டம் வண்டியை இழுத்து எங்கயாவது மோத விடலாம். இல்லன்னா தண்ணி வத்தி, வண்டி வெளிய தெரியலாம்."

"ரெண்டுமே ஆகக்கூடாது. ரெண்டாவது கண்டிப்பா ஆகக்கூடாது. அணை ஆபீசர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. நாட்டுப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதுன்னு. அப்புறம் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டாங்க."

"அது எனக்குத் தெரியும் தம்பி. அதனாலதான் யோசிக்கேன்."

அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிய வேண்டும். அந்த வார்த்தைக்குப் பெரிய பலம் உண்டு. உண்மையான ஆபத்து வரும்போது அதைச் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். நம் கணக்குத் தவறியதை மறைக்க அதைச் செலவழித்தால், நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும்போது அதை யார் நம்புவார்கள்?

கரையின் மேல் அதற்குள் வத்திராயிருப்புப் பக்கத்து விவசாயிகள் கொஞ்சம் பேர் வந்துவிட்டார்கள். மறுநாள் தண்ணீர் வருமா வராதா என்று வதந்தி அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. அதில் குருவம்மாள் என்று ஒருத்தி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். குத்தகைக்கு நெல் போடுகிறவள். நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்கதான் பெரிய மேடமா?"

"நான்தான்."

"தண்ணி நாளைக்கு உண்டா, இல்லையா? அணை ஆபீசுக்காரவிய கிட்ட கேட்டா ஒங்களக் கேக்கச் சொல்லுதாக. ஒங்களுக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?"

பக்கத்தில் நின்ற ஒருங்கிணைப்பாளர் என் முழங்கையை இலேசாகத் தொட்டார். பேசாதீர்கள் என்று அர்த்தம்.

"எங்க வண்டி ஒண்ணு உள்ள சிக்கிக்கிடுச்சு" என்றேன். "இன்னைக்குள்ள வெளிய எடுத்திருக்கணும். எடுக்க முடியல."

"நாத்து முத்திக்கிட்டு வருது. இன்னும் ஒரு வாரம் கெடந்தா நட்டும் பிரயோசனமில்ல, மாட்டுக்குத்தான் போடணும். இது எனக்கு மட்டுமில்ல, அங்கன நிக்காகள்ல, அம்புட்டுப் பேருக்கும் அப்படித்தான். வண்டி எங்கயும் ஓடிப் போயிராதுல்ல?"

"ஓடாது."

"நாத்து நிக்காது" என்று சொல்லிவிட்டு அவள் தன் ஆட்களிடம் போய்விட்டாள். சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெயில் இறங்குவதற்குள் சேவியரும் நானும் மறுபடி படகில் போனோம். பிங்கர் ஒலியை வைத்து வண்டி கிடக்கும் இடத்தைக் குறித்தோம். மதகின் நேர் எதிரில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருந்தது. மதகுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு மொட்டைப் பனை தண்ணீருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அணை கட்டிய காலத்தில் முழுகிப் போன மரமாக இருக்கும்.

"ஓட்டம் அதை மதகு வாய்க்கு இழுத்துட்டுப் போயிட்டா?" என்று கேட்டார் சேவியர்.

"போயி அடைச்சுக்கிட்டா நமக்கும் நாசம், அவங்களுக்கும் நாசம். அது மட்டும் நடக்கக்கூடாது. ஒரு எல்லை வைப்போம். இந்தப் பனையைத் தாண்டி ஒலி நகர்ந்தா உடனே மூடச் சொல்லுவோம். அதுக்கு இந்தப் பக்கம் என்ன ஆனாலும் மூடச் சொல்ல மாட்டோம்."

"என்ன ஆனாலுமா?"

"என்ன ஆனாலும்."

அவர் பனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தலையாட்டினார். இந்தத் தொழிலில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி இதில் இருக்கிறது. எல்லையை எப்போது வைக்கிறோம் என்பது முக்கியம். நாலு பேர் நாலு பக்கமும் கத்தும்போது எல்லை வைக்க உட்கார்ந்தால், அதிகமாகக் கத்துகிறவன் சொல்லும் இடத்தில்தான் அது விழும்.

காலையில் அணை அலுவலர் மதகின் மேல் நின்றார். ஷட்டரைத் திருப்பும் ஆள் தயாராக இருந்தார். கரை நெடுக ஜனங்கள். அலுவலர் சாந்தமான மனிதர், ஆனால் முடிவைத் தன் தலையில் போட்டுக்கொள்ள அவருக்கும் விருப்பமில்லை.

"மேடம், திறக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இருக்கு. உங்களால ஆபத்துன்னு நீங்க சொன்னா நான் நிறுத்தி வைக்கலாம். இல்லேன்னா திறந்துருவேன். என்ன சொல்றீங்க?"

அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன். அவர் நல்ல மனிதர். கோபமோ பயமோ வந்தால் மட்டும் வீட்டில் பேசும் தெலுங்குக்கு மாறிவிடுவார். "வத்தம்மா, வத்து" என்றார். வேண்டாம், வேண்டாம். "சென்னைக்காரங்க என்னை உலுக்கி எடுக்காங்க. வண்டி போச்சுன்னா அடுத்த ஆர்டர் போச்சு. ஷெட்டுல இருக்கிற அத்தனை பேரு சோறும் அதுல இருக்கு. நீயே சொல்லு, நான் என்ன பண்ண?"

சும்மா மிரட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. அது உண்மை. மம்சாபுரத்திலிருந்து தினம் பஸ் ஏறி வருகிற வெல்டர்களின் முகம் என் கண் முன்னால் வந்தது. தைரியமாக இருந்தேன் என்று உங்களிடம் அளக்கப் போவதில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"முதலாளி, தண்ணி தொறக்குற நாளுக்கு முன்னாலயே போயிருதோம்னு நாமதான் ஒத்துக்கிட்டோம். நாத்தங்கால்காரங்க ஒண்ணும் ஒத்துக்கிடல. வண்டி ஒடஞ்சா மறுபடி செய்யலாம், செய்யத் தெரியும் நமக்கு. வைக்கேன்."

வைத்துவிட்டு அலுவலரிடம் சொன்னேன். "தொறங்க சார். முதல்ல கொஞ்சமா. நாங்க படகுல இருந்து கைகாட்டுன பொறவு முழுசா."

ஒருங்கிணைப்பாளர் என் பின்னாலேயே படகுத்துறை வரைக்கும் வந்தார். "மேடம், இதுக்கு நீங்கதான் பொறுப்பு. எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்வேன்."

"தாராளமா சொல்லுங்க. பேரத் தப்பா சொல்லிறாதீக."

ஷட்டர் இலேசாகத் தூக்கப்பட்டது. சேவியர் படகைப் பனைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். டிக், டிக். அதே இடம், அதே ஒலி. வெகு நேரம் மாறவில்லை. கைகாட்டினேன். ஷட்டர் முழுக்கத் தூக்கப்பட்டது. கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் விழும் இரைச்சல் எங்களுக்கே கேட்டது. ஜனங்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள். எங்களைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒலி மாறியது. சேவியர் இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தார். "மேடம், நகருது."

"கேக்குது."

"வாலு பக்கம் சேத்துலேர்ந்து விட்டுருச்சு போல. திரும்புது. மேடம், பாறை இருக்கு அங்கன."

"எனக்குத் தெரியும்."

"மூடச் சொல்லவா?"

கரையில் ஒருங்கிணைப்பாளர் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தார். மூடச் சொல்லி நான் கையைத் தூக்கிக் காட்டினால் போதும், ஷட்டர் இறங்கிவிடும். அந்த வண்டியின் ஒவ்வொரு போல்ட்டும் எனக்குத் தெரியும். சுக்கானைப் பொருத்திய அன்று நான் அதன் மேல் சாய்ந்து நின்று எடுத்த போட்டோ இப்போதும் வீட்டில் இருக்கிறது. அது பாறையை நோக்கித் திரும்புவதைக் காதால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பனையத் தாண்டலையே" என்றேன்.

ஹெட்போனில் ஒரு மங்கிய சத்தம் வந்தது. இரும்பு உடையும் சத்தம் தண்ணீருக்குள் அவ்வளவு மெதுவாகத்தான் கேட்கும். பிறகு மறுபடி டிக், டிக். நின்ற இடத்திலேயே நின்றது. பனையைத் தாண்டவில்லை.

நன்றி சொல்ல யாராவது வந்தார்களா என்று கேட்பீர்கள். ஒருவரும் வரவில்லை. நடவுக்கு ஆள் கிடைக்காமல் அலைகிற நேரம், எங்களை நினைக்க அவர்களுக்கு ஏது பொழுது? அவர்களுக்குச் சேர வேண்டிய தண்ணீர் அவர்களுக்குப் போனது. அதற்கு எதற்கு நன்றி?

அடுத்த சில நாட்களில் தண்ணீர் இறங்க இறங்க எருமையின் முதுகு வெளியே தெரிந்தது. செல்போனும் கையுமாகக் கூட்டம் கூடிவிட்டது. நாங்கள் அதற்குத் தயாராகத்தான் இருந்தோம். முதுகு தெரிந்த உடனேயே சேவியரும் ஆட்களும் தார்ப்பாயைக் கொண்டுபோய், யார் கண்ணிலும் படக்கூடாத பகுதிகளை எல்லாம் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். போட்டோ எடுத்தவர்களுக்குக் கிடைத்தது சேற்றில் கிடக்கும் நீல நிறப் பொட்டலம் ஒன்றுதான். ரகசியத்தை மூடி வைப்பது நம் வேலை. அதற்குத் தார்ப்பாய் இருக்கிறது. ஊர்த் தண்ணீரை மூடி வைக்க யாரும் நமக்குச் சம்பளம் தரவில்லை.

இடுப்பளவு சேற்றில் இறங்கி வண்டியின் வயிற்றுப் பக்கம் கைவிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எடை கழன்று விழுந்திருந்தது. நாங்கள் அனுப்பிய கட்டளை போய்ச் சேர்ந்து, வண்டி சொன்னபடி செய்து, மிதக்கவும் தயாராகத்தான் இருந்திருக்கிறது. மூக்கு வண்டலில் புதைந்ததும், சேறு அதை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டுவிட்டது. அந்தப் பிடியை விடுவிக்கும் அளவுக்கு மிதப்பு போதவில்லை. அழுத்தம், உப்பு, ஓட்டம் என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்திருந்தோம். தரையைக் கணக்கில் எடுக்கவில்லை. வண்டி தரையைத் தொடாது என்று நம்பிவிட்டோம்.

சேவியர் கயிறு கட்டிக் கிரேனால் இழுக்கலாம் என்றார். நான் கூடாது என்றேன். இழுத்தால் மூக்கு கிழிந்துவிடும் என்று பயம். செத்த நேரம் இருவரும் சண்டை போட்டோம். கடைசியில், மூக்குக்கு அடியில் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சினால் பிடி விடும் என்று இருவருக்குமே பட்டது. அதற்கு ஒரு ஆயில் இஞ்சின் பம்ப் வேண்டும். கேட்டுக்கொண்டு போனால் குருவம்மாளின் வயல்தான் முதலில் வந்தது. அவள் நடவு ஆட்களை ஏவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சினா? வாய்க்காத் தண்ணி வந்துருச்சுல்ல, சும்மாதான் கெடக்கு. எடுத்துட்டுப் போங்க. டீசல் நீங்க ஊத்திக்கிடுங்க" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வரப்புல மிதிச்சுறாதீக, இப்பத்தான் வெட்டுனது."

குழாயை மூக்குக்கு அடியில் செருகிப் பம்பை ஓட்டினோம். சேறு குமிழ்விட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு எருமை ஒரு உதறு உதறி எழுந்து, தண்ணீரில் தானாக மிதந்தது. சுக்கான் உடைந்து, வால் கோணி, தார்ப்பாய் தொங்க. அவ்வளவு அழகாக அதை நான் பார்த்ததே இல்லை.

பிறகு விசாரணைக் கூட்டம். கடற்படையிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். எல்லோரும் மதகைப் பற்றியே பேசினார்கள். யார் சொன்னது, யாரைக் கேட்டுச் சொன்னது. அவர் கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நடுக்கடலில் தரையில் இப்படிச் சிக்கினால் என்ன செய்வீர்கள்?" நான் சொன்னேன், வண்டியின் வயிற்றிலேயே தண்ணீர் பீய்ச்சும் துளைகள் வைக்கலாம் என்று. சேற்றில் பார்த்ததை விவரித்தேன். அவர் குறித்துக்கொண்டார். மதகைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

இங்கே கவனமாகக் கேளுங்கள். முங்கி வேலை செய்யும் ஆட்கள் வந்து கலங்கல் தண்ணீரில் கயிறு கட்டி இழுத்திருந்தால், எடை எங்கே கிடந்தது, மூக்கு எப்படிப் புதைந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அதனால் சிலர் இப்போது, மேடம் முன்கூட்டியே யோசித்துத்தான் திறக்கச் சொன்னார் என்று என்னைப் புகழ்கிறார்கள். பொய். எனக்கு அது தெரியாது. ஒத்துக்கொண்டதைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகத் திறக்கச் சொன்னேன். வண்டி தூள் தூளாகியிருந்தாலும் அந்த முடிவு சரியான முடிவுதான். விளைவு நல்லதாக இருந்ததால் முடிவு சரி என்று சொல்லப் பழகாதீர்கள். அடுத்த முறை விளைவு கெட்டதானால் உங்கள் முதுகெலும்பும் அதோடு போய்விடும்.

கூட்டம் முடிந்த பிறகு சென்னையிலிருந்து கேட்டார்கள். அனுமதியில்லாமல் முடிவெடுத்ததற்கு வருந்துகிறேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், விஷயம் முடிந்துவிடும். முதலாளியும் கெஞ்சினார். நடந்தது முழுவதையும், நான் சொன்னதையும் சேர்த்து, எழுதித் தருகிறேன் என்றேன். வருத்தம் மட்டும் வராது என்றேன்.

எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கிய ஒருவர் உண்டு. பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஒருநாள் உருளை ஒன்றை அழுத்தத் தொட்டிக்குள் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தோம். ஆர்டர் கொடுத்தவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று அவர் சோதனையை நிறுத்தினார். உள்ளே ஏதோ சத்தம் கேட்டதாம். எங்களில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீரை இறைத்துத் தொட்டியைத் திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. வந்தவர்களுக்கு அன்றைய பொழுது வீண். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். "ஏன் நிறுத்தினேன்னு கேளுங்க, சொல்லுதேன். மன்னிப்புக் கேக்கணும்னா நான் தப்புப் பண்ணியிருக்கணும்லா?" என்றார். அன்று அந்த உருளையில் ஒரு கீறலும் கிடைக்கவில்லை. பிறகும் கிடைக்கவில்லை. அது இன்றும் நன்றாக இருக்கிறது. அவர் மன்னிப்பும் கேட்கவில்லை. சந்தேகம் வந்தால் நிறுத்துகிற உரிமையை அன்று அவர் விட்டுக்கொடுத்திருந்தால், அதற்குப் பிறகு நம் ஷெட்டில் ஒருவனும் சோதனையை நிறுத்தத் துணிந்திருக்க மாட்டான்.

என் பெயரைக் கடல் சோதனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வண்டியைத் திருத்தியது நான்தான். புதுச் சுக்கான், வயிற்றில் நீர்த்துளைகள், எல்லாம் என் மேற்பார்வை. தூத்துக்குடிக்குப் போகும் டிரெய்லரில் ஏற்றி, கட்டுகளை இறுக்கிப் பார்த்து, கேட்டுக்கு வெளியே அனுப்பிவைத்தேன். அதோடு நான் உள்ளே வந்துவிட்டேன்.

சோதனையன்று ஷெட்டில் உட்கார்ந்து வேறு வேலை பார்ப்பதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தேன். அன்று வேண்டுமென்றே வண்டியைக் கடல் தரையில் உட்கார வைத்து எழுப்புவதாகத் திட்டம். மத்தியானம் சேவியர் படகிலிருந்து போன் போட்டார். காற்றின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

"மேடம், எந்திரிச்சுருச்சு! ஒரே உதறு!"

"சுக்கான் எப்படி இருக்கு?"

"அதெல்லாம் ஜோரா இருக்கு. நீங்க இங்கன இருந்திருக்கணும்."

"சரி, சரி. கயிறைப் பாத்துக் கட்டுங்க" என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண், கண்ணில் தூசியா மேடம் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "வாழ்த்துகள் மேடம். எல்லாருமே நல்ல மூடுல இருக்காங்க. அடுத்த சோதனைக்கு நீங்க கண்டிப்பா வரணும், நானே சொல்லியிருக்கேன். அந்த ரெண்டு வரி மட்டும் அனுப்பிட்டீங்கன்னா... இப்ப அது வெறும் சம்பிரதாயம்தான்."

"தம்பி, வண்டி மேல வந்துருச்சுல்ல?"

"வந்துருச்சு மேடம்."

"அதுக்காக நான் கீழ எறங்கணுமாக்கும்?"

"நான் அப்படிச் சொல்லலை மேடம்" என்றார்.

"நீங்க சொல்லல. ஒங்களச் சொல்லச் சொன்னவங்க கிட்ட இதைச் சொல்லுங்க."

ஓய்வு பெறும் நாள் வரை அந்தப் பட்டியலில் என் பெயர் ஏறவில்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இத்தனை வருஷம் கடலுக்கான வண்டியைச் செய்தவளுக்கு, அது கடலைப் பிளந்துகொண்டு மேலே வருவதை ஒருமுறை பார்க்க ஆசை இருக்காதா? இருந்தது. இப்போதும் இருக்கிறது. இரண்டு வரி எழுதியிருந்தால் பார்த்திருக்கலாம்.

எழுதவில்லை. இனியும் எழுத மாட்டேன்.